எட்டாவது மாடி வரை சுயபரிசோதனை

இடது பக்க லிஃப்ட் ஆறாவது மாடியைத் தாண்டும்போதுதான் வடிவமைப்பாளர் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். ஆபத்து சமயத்தில் கீழே இருக்கும் காவலாளியோடு பேசுவதற்கான பொத்தான். அவர் தோள்பை அதை அழுத்திக்கொண்டிருந்தது.

அவருக்குப் பகீரென்றது.

அவர் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் புதிதாக வந்த மேலாளர் அம்மா போட்ட உத்தரவு இது. தினமும் காலையில் தனியாக நின்று, நேற்று செய்த தவறுகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு ‘என்னால் முடியும்’ என்று முழங்க வேண்டும். புதுப்புது யோசனைகள் தானாகக் கொட்டுமாம். பிள்ளைகளும் மாமியாரும் நிறைந்த வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? லிஃப்ட்தான் கதி என்று ஒரு மாதமாக அதற்குள்ளேயே, இதே மூலையில் சாய்ந்து நின்று உண்மைகளைக் கொட்டி வந்தார்.

அத்தனையும் கீழே கேட்டிருக்குமே!

எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றதும் படியில் தடதடவென்று இறங்கினார். காவலாளியின் நாற்காலி காலி. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் மூச்சிரைக்க ஓடினார்.

“ஏம்மா, நான் லிஃப்ட்ல பேசினது உனக்கும் கேட்டுச்சா?”

“என்ன சார் பேசினீங்க?”

“அதான்... மீட்டிங்ல கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குவேனே, அதெல்லாம்.”

“ஐயையோ! தூங்குவீங்களா சார்?”

தெரியாதவளுக்கும் தெரிந்துவிட்டது. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதம்மா.”

“நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா காவலாளி அண்ணன் லிஃப்ட் விஷயமா மேடத்தைப் பாக்கணும்னு இப்பத்தான் மேல போனாரு.”

வேலை போனால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது? அந்த ஆள் வாயைத் திறப்பதற்குள் நாமே ஒப்புக்கொண்டால் மன்னிப்பாவது மிஞ்சும் என்று மேலே பாய்ந்தார். நல்லவேளை, அறையில் மேலாளர் அம்மா மட்டும்தான் இருந்தார்.

“மேடம், நான் லிஃப்ட்ல பேசினதைக் காவலாளி வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்! நான் மீட்டிங்ல தூங்குறேன். அந்த மடிக்கிற பெட்டி யோசனை என்னோடது இல்ல, என் பொண்டாட்டியோடது. நீங்க அனுப்புற தன்னம்பிக்கைக் கட்டுரையை நான் ஒருநாளும் படிச்சதில்ல. ‘அருமை மேடம்’னு பதில் மட்டும் போடுவேன்.”

மேலாளர் அம்மாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது.

“என்ன சொல்றீங்க? எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதே!”

சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது. சமாளிப்பதாக நினைத்து, “நான் மட்டும் இல்ல மேடம், இங்க யாருமே படிக்கிறதில்ல” என்றார்.

அந்த அம்மா மேசையில் ஓங்கித் தட்டினார்.

“உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு நடிக்கிறவங்களுக்கு இங்க இடமில்ல. ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க!”

அந்த நேரம் பார்த்துக் காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

“வாங்க. இவரு லிஃப்ட்ல இன்னும் என்னென்ன பேசினாருன்னு எல்லாத்தையும் சொல்லுங்க” என்றார் மேலாளர் அம்மா.

காவலாளி திருதிருவென்று விழித்தார்.

“சாரு வர்ற லிஃப்ட்ல வெறும் விளக்குதான் மேடம் எரியும், மைக் செத்து ரொம்ப நாளாச்சு.”

பிறகு கொஞ்சம் நெளிந்தபடி குரலைத் தாழ்த்தினார்.

“பொத்தான் சிக்கிக்கிட்டிருக்கிறது நீங்க வர்ற லிஃப்ட்ல, ‘எனக்கு ஒண்ணுமே தெரியாது, இன்னைக்கும் இவங்ககிட்ட எப்படி நடிக்கப்போறேனோ’ன்னு நீங்க தினமும் அழுறது கீழ எனக்குக் கேக்குது மேடம்.”