கடைசியில் வருகிறவரின் பை

பூம்பாறையைத் தாண்டி ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் அன்று காலை வருடாந்தர நடைக்காக நின்றிருந்தவர்கள்: சேனாதிபதி, ஓய்வுபெற்ற நில அளவையர், குழுத் தலைவர், முட்டியில் வலியே கிடையாது என்று சொல்லிக்கொள்பவர். ஜெபக்குமார், ஓய்வுபெற்ற ஹோட்டல் மேனேஜர், இரண்டு முட்டிக்கும் உறை போட்டவர். மனுவேல், பள்ளி ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர், இரண்டு முட்டியும் தேய்ந்தவர். ஒரு நாய். அது முதல் ஏற்றத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

வராதவர் தண்டாயுதபாணி. போன வருடம் அவர் பாதி வழியில் தன் பையை ஒரு குதிரைக்காரரிடம் கொடுத்துவிட்டார். விதிப்படி இந்த வருடம் அவருக்கு அழைப்பு இல்லை.

விதி ஒன்றே ஒன்றுதான். அவரவர் பையை அவரவர் முதுகிலேயே கொண்டுபோய், நடை முடியும் ஊரான கூக்காலில் இறக்க வேண்டும். அடுத்தவரிடம் கொடுத்தால் அதோடு சரி. விதியை எழுதியவர் சேனாதிபதி.

மனுவேலுக்கு இந்த நடையை விட்டால் வேறு எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. கல்யாணப் பத்திரிகைகூட மனைவி செல்வமேரி கையில்தான் கொடுக்கிறார்கள். "முடிஞ்சா சாரையும் கூட்டிட்டு வாங்க" என்கிறார்கள்.

முட்டிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஹெப்சிபா தெளிவாகச் சொல்லியிருந்தாள். "நடக்கறத நிறுத்தாதீங்க அங்கிள். சுமக்கறத நிறுத்துங்க. பையில ஒரு கிலோ கொறைஞ்சா முட்டிக்கு மூணு கிலோ கொறைஞ்ச மாதிரி."

இரண்டு வாரம் அட்டுவம்பட்டி வீட்டில் அதுதான் வேலை. கொக்கித் தராசு ஒன்று வாங்கி நிலைப்படியில் தொங்கவிட்டார். பை ஒன்பது கிலோ இருந்தது. ஸ்வெட்டர் இரண்டில் ஒன்றை எடுத்தார். சோப்பை நாலாக அறுத்தார். டூத்பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பத்தால் வெட்டினார். பைபிளை வைத்துவிட்டு, புதிய ஏற்பாடு மட்டும் உள்ள சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

"பழைய ஏற்பாட்டுல என்ன கொறை கண்டீங்க?" என்றாள் செல்வமேரி.

"கனம்."

நாலரைக் கிலோவில் முள் நின்றது. அதற்குமேல் குறைக்கத் தோலைத்தான் உரிக்க வேண்டும்.

அந்த நாலரைக் கிலோவும் முதல் ஏற்றத்திலேயே நாற்பது கிலோவாகிவிட்டது. வலது முட்டி அப்பளம் நொறுங்குவதுபோலச் சத்தம் போட்டது.

"ஜெபக்குமாரு, செத்த நில்லுப்பா."

"நின்னா முட்டி இறுகிக்கிரும்ப்பா!" ஜெபக்குமார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனகிக்கொண்டே எட்டிப் போட்டார். அவ்வளவு வலியோடு அவ்வளவு வேகமாக நடக்கும் ஆளை மனுவேல் பார்த்ததில்லை.

சேனாதிபதி அதற்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். சிக்னல் கிடைத்த மேட்டிலெல்லாம் ஏறி நின்று போன் பேசினார். தலைவர் என்றால் ஆயிரம் சோலி.

இன்னும் குறைத்தால்தான் போய்ச் சேர முடியும் என்று மனுவேலுக்குப் புரிந்தது. விதியில், பையைத்தான் கொடுக்கக் கூடாது. பையில் இருப்பதைக் கொடுக்கக் கூடாது என்று இல்லை.

பூண்டுத் தோட்டத்து வேலியோரம் ஒரு அம்மாள் நின்றிருந்தார். பெயர் குப்பம்மாள் என்றார். மனுவேல் குடையை எடுத்து நீட்டினார்.

"வச்சுக்கங்கம்மா. மேகம் போட்டிருக்கு."

"எனக்கு எதுக்குங்க குடை?" என்றவர் வாங்கிக்கொண்டார். "நீங்கதான கடைசியா வாறவுக?"

உண்மையைச் சொல்ல மனுவேலுக்குக் கூச்சமாக இருந்தது. "ஆமா. எனக்குப் பின்னால யாரும் இல்ல."

"அப்ப இந்தாங்க, பூண்டு. நல்லாக் காஞ்சது." கட்டித் தயாராக வைத்திருந்த பையை மனுவேலின் முதுகுப் பைக்குள் திணித்தார். மூன்று கிலோ இருக்கும்.

"ஐயோ, வேண்டாம்மா..."

"அட, கொண்டுபோங்க சார். மாட்டேன்னா எப்பிடி?"

மலைக்காரர்களின் மனசே மனசு என்று நினைத்துக்கொண்டார் மனுவேல். முட்டி வேறு மாதிரி நினைத்தது.

அடுத்த திருப்பத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் பொன்னுவேல் வாசலிலேயே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுவேல் பிளாஸ்க்கை அவர் கையில் வைத்தார்.

"கடைக்கு உதவும். அப்பிடியே இந்தப் பூண்டையும்..."

பொன்னுவேல் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டார். பூண்டைக் கண்டதும் இரண்டு எட்டுப் பின்னால் போனார். "அத நான் தொடப்படாது சார். பெரிய சங்கடமாயிரும். நீங்கதான கடைசி ஆளு?"

"எல்லாரும் இதையே கேக்குறீங்களே."

"கோவிச்சுக்கிராதீங்க. இந்தாங்க, உருளைக்கிழங்கு. இன்னிக்கி வெள்ளனே தோண்டுனது."

நாலு கிலோ. ஒரு டீயும் கொடுத்தார். மனுவேல் அழாமல் குடித்தார்.

மூன்றாவதாக ஜெயப்பிரியா என்ற பெண், காட்டோரம் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை மனுவேல் எதையும் கொடுப்பதாக இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடக்கப் பார்த்தார். அவருடைய வேகத்துக்கு அவள் எழுந்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"சார், கடைசி ஆளு நீங்கதான?"

"இல்லம்மா. பின்னால இன்னும் ஒருத்தர் வாராரு."

அவள் பாதையைப் பார்த்தாள். பாதையில் பனிமூட்டம் மட்டும் வந்தது. "பொய் சொல்றீங்க," என்று முட்டைக்கோஸ் மூன்றை எடுத்தாள். பையில் இடம் இல்லை. இடம் செய்ய அவளே ஸ்வெட்டரையும் மழைக் கோட்டையும் வெளியே எடுத்தாள். "இதுக வேணுமா சார்?"

"கனமா இருந்தா வேண்டாம்," என்றார் மனுவேல். வேறு எதுவும் சொல்ல மூச்சு இல்லை.

கீழே போட்டுவிடலாமா என்றும் யோசித்தார். மனசாரக் கொடுத்ததைக் காட்டில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. பையோடு யாரிடமாவது கொடுத்தால் தண்டாயுதபாணியின் கதிதான். இரண்டு குச்சி ஊன்றி நடந்தார். கடைசி இறக்கத்தில் உட்கார்ந்தே நகர்ந்தார். அவருடையது என்று பையில் அப்போது இருந்தவை புதிய ஏற்பாடும் கால் சோப்பும் பாதி டூத்பிரஷ்ஷும்தான்.

கூக்கால் ஏரி தெரிந்தபோது மணி நாலு. தங்கும் வீட்டு வாசலில் சேனாதிபதி கையைத் தட்டிக்கொண்டே எழுந்து வந்தார்.

"ஏலே மனுவேலு! ஒத்த ஆளா முழுசாக் கொண்டாந்துட்டியேப்பா! அடுத்த வருசமும் நீ கட்டாயம் வாற. அதுக்கடுத்த வருசமும் நீதான்."

ஓய்வுபெற்ற நாளில்கூட யாரும் அவரை இப்படிக் கூப்பிட்டதில்லை. ஜெபக்குமார் மட்டும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மணியன் பையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சாமான் அறைக்குப் போனார். மனுவேல் குச்சி ஊன்றிப் பின்னால் போனார். மணியன் பூண்டையும் உருளைக்கிழங்கையும் எடுத்து அடுக்கினார். முட்டைக்கோஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"பரவால்ல சார், ஒண்ணும் நசுங்கல. போன வருசம் தண்டாயுதபாணி சாரு குதிரையில ஏத்திவிட்டு எல்லாம் கூழாப் போச்சு. சேனாதிபதி சாருக்கு வந்த கோவம் இருக்கே!"

"அவருக்கு எதுக்குக் கோவம்?"

"அவரு சாமான்தான சார்? வருசா வருசம் போன்ல சொல்லி வச்சிருவாரு, கடைசியா வாற ஆளு பையில போட்டு விடுங்கன்னு. அதுக்கு முந்தின வருசம் ஜெபக்குமார் சாரு சொமந்தாரு. அப்புறந்தான் அவரு வெரசா நடக்கப் பழகிட்டாரு."

மனுவேல் அறைக் கதவின் கொண்டியில் தொங்கிய பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"சேனாதிபதி! பூண்டு ஈரமாக் கெடக்கு, வந்து பாரு!"

வலியே இல்லாத இரண்டு முட்டியும் ஓடி வந்தன. "எங்க? எங்க?" என்று சேனாதிபதி அறையின் மூலை வரை போய்க் குனிந்தார். மனுவேல் மணியனை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"சார், உள்ள தலைவர் இருக்காரு."

"இருக்கட்டும். அவரவர் சாமான் அவரவர்கிட்டதான் இருக்கணும்," என்றார் மனுவேல். பூட்டை மாட்டி அழுத்தினார்.