கம்பி அண்ணையின் ஐந்து சுற்று

நாலு அங்குலக் கம்பியில் ஐந்து சுற்றுப் போட ஏழு மாதம் எடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். என் கிரகசாரம், அவரும் நானும் ஊரைவிட்டு வந்து வோபர்னில் ஒரே பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். எல்லோரும் அவரைக் கம்பி அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவருக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும்.

மனிதர் முப்பது வருடமாக சிகரட் பத்தியவர். அவருடைய ஒரே மகள் ஷாமினி யூனியன்வில்லில் இருந்தாள். அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது தகப்பனைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, புகை மணத்தோட வந்தால் பிள்ளையைத் தூக்கத் தரமாட்டன். சிகரட் எண்டாலும் சரி, வேற எந்தப் புகை எண்டாலும் சரி."

வேறு யாராவது என்றால் அன்றைக்கே சிகரட் பக்கெட்டைக் குப்பையில் போட்டிருப்பார்கள். கம்பி அண்ணை கட்டிலில் குந்தியிருந்து யோசித்து, இனி மின்சாரச் சிகரட்டில் ஆவி இழுப்பது, அதாவது வேப் பண்ணுவது என்று முடிவெடுத்தார்.

"அண்ணை, அவ எந்தப் புகையும் வேண்டாம் எண்டல்லோ சொன்னவ?" என்றேன்.

"இது புகை இல்லைத் தம்பி, ஆவி. புட்டு அவிக்கேக்க வாறது புகையோ?"

நானும் புட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். தலையை ஆட்டிவிட்டேன்.

கடையில் செய்து விற்கிற சாமான் அவருக்குச் சரிவரவில்லை. ஊரில் தண்ணீர்ப் பம்ப் மோட்டருக்குக் கம்பி சுற்றின கை அல்லவா. மற்றவன் சுற்றின கம்பியில் வாய் வைப்பது கௌரவக் குறைவு என்று, நாமே திரி வைத்துக் கம்பி சுற்றிக்கொள்கிற வகையில் ஒன்றை எடுப்பித்தார். அன்றோடு எங்கள் சாப்பாட்டு மேசை போயிற்று. அடுத்த ஏழு மாதமும் நான் மடியில் கோப்பையை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

வேலை இதுதான். துணிபோல மெல்லிய எவர்சில்வர் வலையில் ஒரு துண்டு வெட்டவேண்டும். அதைச் சின்ன காஸ் டோர்ச்சில் நிறம் மாறும்வரை வாட்டி, ஊசியில் வைத்துத் திரியாக உருட்டவேண்டும். திரியைச் சுற்றி மயிர்போன்ற கம்பியை ஐந்து சுற்றுக் கொயிலாகச் சுற்றி, கருவியில் பூட்டி, பொத்தானை அமத்தவேண்டும். ஐந்து சுற்றும் ஒரேயடியாகச் சிவக்கவேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால் அதற்குப் பெயர் ஹொட் ஸ்பொட். அந்த இடத்தில் திரி கருகி, இழுக்கிறவன் தொண்டையும் கருகும். ஐந்தும் ஒன்றாகச் சிவந்தால்தான் தொட்டியில் மாம்பழ வாசத் திரவத்தை விட்டு இழுக்கலாம்.

கம்பி அண்ணைக்கு ஐந்தும் ஒருநாளும் ஒன்றாகச் சிவக்கவில்லை. என் கண்ணுக்குச் சிவந்தது. அவர் கண்ணுக்கு இல்லை.

"வடிவாய்த்தானே அண்ணை இருக்கு? ஜூசை விட்டு இழுங்கோவன்."

"நாலாவது சுத்தைப் பாரும். அவன் முந்திறான். உவனை இப்பிடியே விட்டால் பிறகு தலையில ஏறியிருப்பான்."

உடனே எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து தொடங்குவார். வேலையால் வந்தால் சப்பாத்துக் கழற்றமுதல் கம்பி. சனி ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்தால் கம்பி. இடக்கையில் ஊசி, வலக்கையில் இடுக்கி, வாயில் பல்லுக்குத்தும் குச்சி.

டோர்ச்சின் புண்ணியத்தில் புகை அலாரம் அடிக்காத கிழமை இல்லை. மேலே இருக்கிற வீட்டுக்கார அன்ரி அகப்பையோடு படியிறங்கி ஓடிவருவார். பிறகு ஓடுவதை விட்டு, மேலேயிருந்தே காலால் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒருநாள் மட்டும் தட்டவில்லை, நேரே வந்தார். கையில் மா அரிக்கிற அரிதட்டு. அதன் நடுவில், கத்தரிக்கோலால் வெட்டியெடுத்த ஒரு சின்ன ஜன்னல்.

"இது ஆர் பாத்த வேலை?"

கம்பி அண்ணை ஒளிக்கவில்லை. வலை முடிந்துபோய்விட்டது, எடுப்பித்தது வந்துசேரவில்லை என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனால் அன்ரி, ஓட்டை பெரிசு. உதில திரவம் ஏறாது. அடுத்தமுறை வாங்கேக்க நெருக்கமான வலையாய்ப் பாத்து வாங்குங்கோ."

அந்த மாதம் முழுக்க மேலேயிருந்து எங்களுக்குப் புட்டு வரவில்லை.

பேரன் பிறந்தான். ஷாமினி சொல்லில் நின்றாள். கம்பி அண்ணை கட்டிலுக்கு ஆறடி தள்ளி நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஞானஸ்நானத்தன்று மணம் பார்ப்பேன், பாஸ் பண்ணினால் தூக்கலாம் என்று சொல்லிவிட்டாளாம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அந்தரமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"அண்ணை, நீங்கள் கடைசியாய் சிகரட் பத்தினது எப்ப?"

இடுக்கியைக் கீழே வைத்து யோசித்தார். "அரிதட்டு வெட்டினதுக்கு முதல்."

அது நாலு மாதக் கதை. கைகள் இரண்டும் கம்பியோடு இருந்ததால் சிகரட் பிடிக்கக் கை இருக்கவில்லை. ஜக்கெட்டைத் தடவினார், பழைய பக்கெட்டில் மூன்று சிகரட் காய்ந்து கிடந்தது. மனிதர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், பயந்துபோனார்.

"அப்ப நான் இதை என்னத்துக்குச் செய்யிறன்?"

"தெரியாது அண்ணை."

"சரி, தொடங்கினதை முடிக்கத்தானே வேணும்," என்று மறுபடி ஊசியை எடுத்தார்.

ஞானஸ்நானத்தன்று கோட்சூட் போட்டவரை நான்தான் காரில் கொண்டுபோனேன். வாசலிலேயே ஷாமினி குழந்தையோடு நின்றாள். விமான நிலைய நாய்கூட அப்படி மோந்திருக்காது. கழுத்து, கை, கோட்டுக் கொலர், தலைமயிர். கடைசியில் அவள் கண் கலங்கிவிட்டது.

"அப்பா, ஒண்டுமே மணக்கேல்லை."

கையை நீட்டிக் குனிந்தார் கம்பி அண்ணை. கோட்டுப் பையிலிருந்து அந்தச் சனியன் பிடித்த கருவி ணங்கென்று தரையில் விழுந்தது.

ஷாமினி குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"பிள்ளை, உது நான் இழுக்கிறதில்லை. நாலாவது சுத்து இன்னும் சரிவரேல்லை…"

"வேண்டாம் அப்பா. ஒண்டும் சொல்லவேண்டாம்."

"தங்கச்சி, ஏழு மாதமாய் அவர் ஒருக்காலும் இழுத்ததில்லை, நான் சாட்சி," என்றேன். எவன் நம்புவான்? நானே கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் மனிதர் அப்படியே நின்றார்.

அப்போது மருமகன் கெவின் குனிந்து அதை எடுத்தான். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.

"நோ, நோ. மாமா சொல்லுறது ட்ரூ. இது பிராண்ட் நியூ. திரி ட்ரையாய் இருக்கு. வன் வீக் இழுத்தாலே கொயில் முழுக்கக் கறுப்பாய்ப் பிடிக்கும். பிறகு அந்த ஸ்மெல் டாங்க்கால போகவே போகாது. பட், கொயில் சூப்பராய்ச் சுத்தியிருக்கிறார்."

ஷாமினி மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒஃபிஸில ஒரு ஃப்ரெண்ட்…"

அவள் கையை நீட்டினாள். கெவின் தன் கோட்டின் உள்பையிலிருந்து தன்னுடைய வேப் ஒன்றை எடுத்து வைத்தான். திராட்சை வாசம் கூடம் முழுக்க அடித்தது. உடுப்பை மாற்றி, முகம் கழுவி, பல்லு விளக்கிவிட்டு வரும்படி அவனை மாடிக்கு அனுப்பினாள். பிறகு குழந்தையைத் தகப்பன் கையில் வைத்தாள்.

கம்பி அண்ணை குழந்தையை இடக்கையில் ஏந்திக்கொண்டார். கம்பியில் தழும்பேறிய விரலால் குழந்தையின் உச்சந்தலையைத் தொட்டார், வயிற்றைத் தொட்டார், உள்ளங்காலைத் தொட்டார். திரும்ப ஒருமுறை உச்சந்தலையைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எல்லா இடமும் ஒரே சூடு. ஹொட் ஸ்பொட் ஒண்டும் இல்லை."

ஏழு மாதத்தில் ஒரு பொருளை அவர் சரி என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மனிதரை இறுக்கிக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது எனக்கு. கையில் பிள்ளை இருந்தபடியால் விட்டுவிட்டேன்.