நல்லி டிரெஸ்ஸரும் லெட்சுமியக்கா ஆடும்

எங்கள் கஜா பெராங் தெருவில் ஆட்டுக்கறி தின்ற அத்தனை பேரையும் குற்றவாளிகளாகப் பார்த்த ஒரே மனிதர் நல்லி டிரெஸ்ஸர்தான். சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், கறியை ஒரு பிடி பிடிப்பார். யாராவது நல்லி எலும்பை உறிஞ்சினால் மட்டும் பொறுக்காது. ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வாயிலிருந்தே எலும்பைப் பிடுங்கிவிட்டார்.

"விதையை உறிஞ்சுறியேடா! அதுலருந்து என்ன வேணும்னாலும் முளைக்கும்டா!"

மாப்பிள்ளை திருதிருவென்று முழித்தார். பெண் சிரித்துவிட்டாள்.

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராகக் காலமெல்லாம் கட்டுப் போட்டு ஓய்வு பெற்றவர். ஒடிந்த எலும்பு கூடுகிறது, அறுந்த மூட்டு நார் மட்டும் கூடமாட்டேன் என்கிறது. இது அவருக்குச் சொந்தப் பகை மாதிரி. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நல்லிக்குள் இருப்பது விதை. பட்டு நூல் பந்தல். அதன்மேல் புது நார் அவரைக்கொடி மாதிரி ஏறும். பெரிய டாக்டர் ஒருவரிடம் போய் விளக்கினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவருக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நாட்டின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு ஒரு மாசம் இருந்தபோது அதிர்ஷ்டம் அடித்தது. எதிர்வீட்டு லெட்சுமியக்காவின் ஆடு தெருச் சாக்கடை லொங்காங்கில் விழுந்து, பின்னங்கால் மூட்டு நாரை அறுத்துக்கொண்டது. மெர்டேக்கா விருந்துக்கு அதை வெட்டிவிடலாம் என்றார் அக்கா. தெருப் பிள்ளைகள் எங்களுக்கெல்லாம் நாக்கில் எச்சில்.

"ஒரு மாசம் குடும்மா. நடக்க வைக்கிறேன்."

"நடக்கலைன்னா, ஐயா?"

"இந்தக் கை இனி யாருக்கும் கட்டுப் போடாது."

மரத்துப்போக மருந்து போட்டு, அந்த ஆட்டின் இடுப்பெலும்பிலிருந்தே விதையை ஊசியால் உறிஞ்சினார். வேறு ஆட்டு விதையை இதன் உடம்பு ஏற்காதாம். பந்தலுக்குத் தம் கல்யாணப் பட்டு வேட்டியிலிருந்து நூல் உருவி, அறுந்த மூட்டில் தைத்து, விதையை அதில் விட்டுக் கட்டுப் போட்டார். மனைவி ஒரு வாரம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை. "இழுபடாத நாரு பலப்படாது" என்று தினமும் சாயங்காலம் கட்டோடு ஆட்டை மெல்ல நடத்திக்கொண்டு போவார்.

"யாரு யாரை மேய்க்கிறாங்கன்னே தெரியலை லா!" என்று லெட்சுமியக்கா வாசலில் நின்று சிரிப்பார்.

விருந்துக்கு முதல் நாள் கசாப்புக்கடை பாய் கயிற்றோடு வந்தார். தெருவே கூடியது. டிரெஸ்ஸர் கட்டை அவிழ்த்தார். ஆடு மூன்றடி வைத்தது. நாலாவது அடியில் மூட்டு, கீல் கழன்ற கதவு மாதிரி ஆட, பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

டிரெஸ்ஸர் குனிந்து, கட்டுத் துணியை மெதுவாகச் சுருட்டினார்.

லெட்சுமியக்கா திரும்பினார். "நீங்க போங்க பாய். அதான் நடக்குதே."

"எங்கம்மா நடக்குது? உக்காந்திருக்கு!"

"நடந்து களைச்சு உக்காந்திருக்கு. என்னங்கடா, நடந்துச்சா இல்லியா?"

அக்கா எங்களைப் பார்த்த பார்வையில், "நடந்துச்சுக்கா!" என்று தெருவே கத்தியது.

மெர்டேக்கா அன்று எங்களுக்குக் கத்தரிக்காய் சாம்பார். அந்தச் சாம்பார் வாளியோடு நான் சறுக்கி விழுந்தேன். டிரெஸ்ஸர் ஓடி வந்து என் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். "நாரு அறுந்திருக்கும்னு நெனச்சேன். சும்மா சுளுக்குதான்" என்று முகம் வாடிப்போய், அந்தக் கையாலேயே அவ்வளவு பதமாகக் கட்டுப் போட்டுவிட்டார்.

இன்றைக்கு யார் வந்து கேட்டாலும், அந்த ஆடு நன்றாகவே நடந்தது என்றுதான் சொல்வேன்.