நாற்பது வருடமாகத் துக்கத்தில் நிற்கும் காற்றாலை

எங்கள் ஹெல்டர்வைக் ஊரின் கோபுரம் 1390இல் எதிரிகளைத் தடுக்கக் கட்டப்பட்டது. எதிரிகள் யாரும் வரவில்லை. முந்நூறு ஆண்டுகள் காத்திருந்த பிறகு, மாவு அரைக்கும் ஒருவர் அதன் உச்சியில் நான்கு இறக்கைகளை மாட்டிக் காற்றாலை ஆக்கினார். கோபுரம் முதல்முறையாக வேலை செய்தது. நாற்பது வருடத்துக்கு முன் இதை அறிந்த அரசு, உடனே அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்து நிறுத்திவைத்தது.

எந்த நிலையில் நிறுத்துவது? சின்னங்கள் அலுவலகத்தில் 1911இல் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் இருந்தது. அதில் உள்ளபடியே இறக்கைகள் நிற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது.

எங்கள் டச்சுப் பக்கத்தில் ஆலை நிற்கும் விதத்துக்கு அர்த்தம் உண்டு. மேல் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னே நின்றால் வீட்டில் கல்யாணம். உச்சியைத் தாண்டி நின்றால் சாவு. அந்தப் படம் எடுக்கப்பட்டது, அன்றைய ஆலைக்காரர் இறந்த நாளில். ஆகவே நாற்பது வருடமாக எங்கள் ஊர் அரசாணைப்படி துக்கம் அனுசரித்து வருகிறது.

இப்போதைய ஆலைக்காரர் லூபர்ட்டின் மகள் இனெகேவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டாரும் ஆலைக்காரர்களே. "சாவு இறக்கைக்குக் கீழ நாங்க சம்பந்தம் பண்ண மாட்டோம்" என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லிவிட்டார். லூபர்ட் சின்னங்கள் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே அதிகாரி ஹெஸ்லிங் மிகுந்த அனுதாபத்துடன் கோப்பைத் திறந்தார்.

"துக்கத்தை நிறுத்தணும்னா, செத்தவரோட வாரிசு சம்மதிக்கணும்."

"செத்தவர் என் கொள்ளுத்தாத்தா சார். நான்தான் வாரிசு. சம்மதிக்கிறேன்."

"விண்ணப்பம் போட்டதும் நீங்க, சம்மதம் தர்றதும் நீங்களா? அது முறைகேடு ஐயா."

"வேற வாரிசு யாரும் இல்லையே சார்!"

"உங்க மக இருக்காங்களே."

"அவளுக்குத்தான் சார் கல்யாணம்!"

"அப்ப அவங்க பயனாளி. அவங்களும் கூடாது."

லூபர்ட்டின் கண் கலங்கியது. ஹெஸ்லிங் நல்ல மனிதர். புகைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க எந்தப் பக்கம் நின்னு பாக்குறீங்க?"

"முன்பக்கம்தான்."

"பின்பக்கம் போய்ப் பாருங்க. இடது வலதாத் தெரியும், உச்சியைத் தாண்டின இறக்கை தாண்டாத மாதிரி நிக்கும். துக்கம் கல்யாணமாயிடும். பாக்குறவங்க எங்க நிக்கணும்னு ஆணையில எதுவும் இல்ல."

அப்படியே நடந்தது. கோபுரத்துக்குப் பின்னால் கால்வாயோரச் சேற்றில், புதுக் காலணிகள் புதைய, இருநூறு பேர் கூடினோம். மாப்பிள்ளையின் தாய் அண்ணாந்து பார்த்தார். "இது கல்யாண இறக்கைதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனெகே சிரித்தாள். நாங்கள் கைதட்டினோம்.

பிரேக்கைத் தளர்த்தி இறக்கையைச் சற்றே பின்னுக்குத் தள்ள இரண்டு பேர் போதும். ஆலைச் சாவி லூபர்ட்டின் சட்டைப்பையில்தான் இருந்தது. தடுக்கக்கூடிய ஒரே அதிகாரியும் எங்களோடு முழங்கால் சேற்றில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் எங்கள் இருநூறு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்களுக்குள் முன்வரிசைக்குத்தான் அடிதடி.