டைகருக்குக் குளிருமுங்க

நீலகிரியில் வரையாடு உண்டு, காட்டெருமை உண்டு, வனத்துறையின் கணக்கெடுப்பில் ஒருமுறைகூடச் சேராத இன்னோர் உயிரினமும் உண்டு. அதுதான் 'போர்த்துகிறவர்'. நாய் வளர்க்கும் வீடுகளில் தாராளமாகத் தென்படும். நாய்க்கு வரும் சகல சங்கடங்களுக்கும் இவரிடம் ஒரே காரணம், குளிர். ஒரே மருந்து, கம்பளி.

கீழ் கோத்தகிரியில் டீ ஃபேக்டரி சூப்பர்வைசர் ஆறுக்குட்டியைப் பாருங்கள். தலையில் மங்கி குல்லாய், கழுத்தில் மஃப்ளர், மேலே கோட்டு. இத்தனையையும் மீறித் தனக்குக் குளிரெடுத்தால், உடனே பரிதாபமாகத் தன் நாய் டைகரைப் பார்ப்பார். பிறகு பீரோவைத் திறப்பார். மகள் சின்ன வயதில் போட்ட ரோஜா நிற ஸ்வெட்டர் டைகருக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். டைகரோ அந்தச் சரிவிலேயே பிறந்து, தேயிலைச் செடிக்கடியில் கண் திறந்து, அடர்ந்த ரோமத்தோடு வளர்ந்த நாட்டுநாய். கேட்டால் வேண்டாமென்றுதான் சொல்லும். யார் கேட்டார்கள்?

ஸ்வெட்டரோடு சாப்பாடு, ஸ்வெட்டரோடு தூக்கம், ஸ்வெட்டரோடு தேயிலைக் காட்டில் உலா. டைகர் நாள் முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தது. புதுக் கம்பளி அல்லவா, அப்படித்தான் குத்தும் என்றார். கம்பளிக்கு வயது பதினைந்து. மனைவி விஜயா பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, அதக் கழட்டிப் போட்டு ஒருக்கா குளிப்பாட்டுங்க."

"சளி புடிச்சா யாரு பாக்கறது?"

பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒருநாள் டைகர், டீயில் நனைத்த வர்க்கி பிஸ்கட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூலையில் சுருண்டு நடுங்கியது. நடுக்கம் என்றால் ஆறுக்குட்டிக்கு வேறு அர்த்தம் தெரியுமா? தன் ஸ்வெட்டரின் கைகளை வெட்டி, முதல் ஸ்வெட்டருக்கு மேலேயே மாட்டிவிட்டார். மறுநாள் டைகரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. சொந்த அண்ணன் மகன் கல்யாணத்துக்கே லீவு போடாத மனிதர், அன்று லீவு போட்டார். ஆட்டோவில் டைகரை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய, வழியில் வந்த எல்லாக் கோயில்களுக்கும் வேண்டிக்கொண்டார். அந்த அழுகையைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை.

கால்நடை மருத்துவர் கெஸியா டைகரின் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்குக் குளிரலைங்க. காய்ச்சல் கொதிக்குது. ரெண்டையும் கழட்டுங்க."

"கழட்டுனா தாங்காதுங்க டாக்டர்."

கெஸியா வாதாடவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். ரோஜா நிறக் கம்பளி விலகியதும், ஆமணக்கு விதையைக் கொட்டி வைத்தாற்போல உண்ணிகள், கழுத்திலிருந்து வால்வரை.

"உண்ணிக் காய்ச்சலுங்க. ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. இந்தக் கதகதப்புல அதுக எல்லாம் சொகமா வளந்திருக்குதுங்க."

ஊசி, டிரிப், மாத்திரை என்று பல நாள் இழுத்து, டைகர் பிழைத்தது. வீடு திரும்பியதும் வெறும் உடம்போடு பனிப்புல்லில் புரண்டு புரண்டு எழுந்தது. அதைப் பார்த்த ஆறுக்குட்டிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கை தானாகப் பீரோ பக்கம் போனது. நல்லவேளை, சாவி இப்போது விஜயாவிடம்.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டில் நாயே இல்லை என்கிறீர்கள். சரிதான். இன்று காலை உங்கள் பிள்ளை வியர்க்குது, வியர்க்குது என்று சொல்லச் சொல்ல, அதன் கழுத்துவரை ஸ்வெட்டர் பொத்தானை மாட்டிவிட்டது யார்?