சராசரியின் யோசனை

"இந்த யோசனை யாரோடதுன்னு மந்திரி ஆபீஸ்ல கேக்குறாங்க" என்றார் இயக்குநர் அம்மா, செய்தித்தாளை மேசைமேல் விரித்துப் போட்டபடி.

"நன்றி மேடம்" என்றார் சராசரி.

அது அவருடைய பழக்கதோஷம். தேர்வுத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்க்கும் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் சராசரி. உயரம் சராசரி, சம்பளம் சராசரி, நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போடுவதும் சராசரி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சராசரிக்கு வெகு மேலே இருந்தார். லிஃப்ட் கதவு திறந்தால் அதற்கு நன்றி சொல்வார். ராங் நம்பர் வந்தால் 'கூப்பிட்டதுக்கு நன்றி' என்பார். திட்டு வாங்கும்போதும் வாயில் முதலில் வருவது அதுதான்.

"எதுக்கு நன்றி? பேப்பரைப் பாருங்க."

பார்த்தார். 'கல்லூரிக்குத் தயாரா நம் பிள்ளைகள்? தேசிய சராசரிக்குக் கீழே சரிந்தது மாநிலம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் அவரே வரைந்து கொடுத்த படம். தேசத்தின் கோடு சமர்த்தாக நேரே போய்க்கொண்டிருக்க, மாநிலத்தின் கோடு மாடிப்படியில் கால் தவறியவனைப் போலத் தலைகுப்புற விழுந்து கிடந்தது.

பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்குத் தயாராக இருக்கிறார்களா என்று பார்க்க நாடு முழுக்க ஒரு தேர்வு நடக்கும். மற்ற மாநிலங்களில் விருப்பப்பட்டவர்கள் மட்டும் பெயர் கொடுத்து, எங்கோ இருக்கும் மையத்துக்குப் போய் எழுதுவார்கள். இந்த மாநிலத்தில் மட்டும் இந்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளும், அவரவர் பள்ளியிலேயே, அவரவர் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினார்கள். அதன் பலன்தான் மேசைமேல் விரிந்து கிடந்தது.

யோசனை சாட்சாத் சராசரியுடையது. அவர் பள்ளியில் படித்த காலத்தில், அவரை ஒரு வார்த்தை கேட்காமல் கணக்கு டீச்சர் ஒருவர் அவர் பெயரை ஒரு தேர்வுக்குக் கொடுத்துவிட்டார். இல்லாவிட்டால் அவர் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டார். நன்றி சொல்லலாம் என்று போனபோது அந்த டீச்சர் மாற்றலாகிப் போயிருந்தார். அன்றைக்குச் சொல்லாமல் தங்கிப்போன நன்றியைத்தான் இவர் லிஃப்டுக்கும் ராங் நம்பருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் மனைவியின் கட்சி.

"பேரைச் சொன்னா என்ன செய்வாங்க மேடம்?"

"போன தடவை இப்படித்தான் ஒருத்தர் பேரைக் கேட்டாங்க. இப்ப அவர் எங்க இருக்கார்?"

மாநில எல்லையில், பழைய பாடநூல் கிடங்கில், கரையான் தின்றது போக மீதியை எண்ணிக்கொண்டிருந்தார். அங்கே போகப் பேருந்து உண்டு. திரும்பி வர எப்போதாவதுதான் உண்டு என்று கேள்வி. சராசரிக்குத் தன் மகள் ஞாபகம் வந்தது. இந்த ஆண்டுதான் இறுதி வகுப்புக்கு வந்திருக்கிறாள். தினமும் ராத்திரி அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. 'நான்தான் மேடம்' என்று சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"ஃபைலைப் பார்த்துச் சொல்றேன் மேடம்."

கோப்பைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அரசாங்கக் கோப்பில் யாரும் எதையும் நினைப்பதில்லை. எல்லாம் தானாகவே கருதப்படும். 'அனைவரையும் எழுதவைக்கலாம் எனக் கருதப்படுகிறது' என்ற வரிக்குக் கீழே, அவரையும் சேர்த்து ஏழு பேர் வரிசையாகச் சுருக்கொப்பம் போட்டிருந்தார்கள்.

"மேடம், இது கூட்டு முடிவு. தனி ஆளுன்னு யாரும் இல்லை."

"அப்பாடா" என்றார் இயக்குநர். அந்த நேரம் பார்த்து மேசைத் தொலைபேசி அடித்தது. மந்திரி அலுவலகத்து எண்ணைக் கண்டதும் எழுந்து நின்று எடுத்தார். நிற்பது அந்தப் பக்கம் தெரியாதுதான். இருந்தாலும் மரியாதை மரியாதைதானே.

"ஆமாங்க... கூட்டு முடிவுங்க... ஏழு பேருங்க..." போகப் போக அவர் குரல் தேய்ந்தது. ரிசீவரை வைத்துவிட்டு, "ஏழு பேர் பேரும் வேணுமாம். வீட்டு விலாசத்தோட. சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுல இருப்பாங்கன்னும் சொல்லணுமாம்" என்றார்.

"வீட்டு விலாசம் எதுக்கு மேடம்?"

"ஆர்டரை நேர்ல கொடுத்துக் கையெழுத்து வாங்கத்தான். லீவு போட்டுட்டுத் தப்பிக்க முடியாதுல்ல." அதோடு விடாமல், "ஏழாவது சுருக்கொப்பம் என்னோடது" என்றும் சொன்னார்.

சராசரி தன் தலைக்கு மேல் தொங்கிய கத்தியை வெற்றிகரமாக ஏழு பேர் தலைக்கும் பகிர்ந்து கொடுத்திருந்தார்.

ஏழு பேரும் இயக்குநர் அறையில் கூடினார்கள். துணை இயக்குநர், "நான் படிக்காமதான் போட்டேன். நான் எதையும் படிச்சுப் போட்டதா யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்" என்றார். யாரும் சொல்லவில்லை. இன்னொருவர் அது தன்னுடைய சுருக்கொப்பம் மாதிரியே இல்லை என்று கோப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"பேருக்குப் பதிலா ஒரு விளக்கம் கொடுத்துடலாமே" என்றார் சராசரி. "படத்தைக் கொஞ்சம் மாத்தி வரைஞ்சா..."

உடனே உட்கார்ந்து வரைந்தார். அளவுகோலைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்ததில் இரண்டு கோடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "எதையோ மறைக்கிற மாதிரி இருக்கே" என்றார் இயக்குநர். சரி என்று அளவுகோலை விரித்தார். மாநிலத்தின் கோடு விழுந்த வேகத்தில் தாளின் விளிம்பைத் தாண்டிவிட்டது. "பேப்பர்ல வந்த படமே தேவலை" என்றார் துணை இயக்குநர்.

கடைசியில் படத்தை விட்டுவிட்டு எண்ணுக்கு வந்தார் சராசரி. "மேடம், போன வருஷம் நூறு பேர் எழுதுன இடத்துல நாற்பது பேர் தேறுனாங்க. இந்த வருஷம் அதே இடத்துல இருநூறு பேர் எழுதி அறுபது பேர் தேறியிருக்காங்க. சதவீதம் நாற்பதுலேர்ந்து முப்பதுக்கு வந்துடுச்சு. தேசத்துக்கு முப்பத்தஞ்சு. அதனால கீழ போயிட்டோம். ஆனா பிள்ளைங்க இருபது பேர் கூடியிருக்காங்க. பேர் கொடுக்கவே தோணாத இருபது பேர்."

இயக்குநருக்குத் தெம்பு வந்து, அடுத்த தடவை தொலைபேசி அடித்ததும் இதை அப்படியே ஒப்பித்தார். ஒப்பித்து முடித்துவிட்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க மேடம்?"

"அந்தக் கணக்கெல்லாம் புரியலையாம். ஆள் யாருன்னு மட்டும் சொல்லச் சொல்றாங்க. சொல்லலைன்னா..."

"சொல்லலைன்னா?"

"மூணு மணிக்கு நேர்லயே வர்றாங்களாம்."

சராசரி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் கண்காணிப்பாளர் அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பிரிவில் அவருக்கு முதல் நாள் வேலை கற்றுக்கொடுத்ததும், முதல் தப்பை மேலே தெரியாமல் திருத்தியதும் அந்த அக்காதான். கோப்பில் இரண்டாவது சுருக்கொப்பமும் அவருடையதுதான்.

"தம்பி, என் பேரைச் சொல்லிடு" என்றார் அக்கா.

"அக்கா?"

"எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான். என்னைக் கிடங்குக்கு மாத்துனா, நான் மூட்டை கட்டி முடிக்கிறதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன். உனக்குப் பொண்ணு படிப்பு இருக்கு. நான் மேடம்கிட்ட சொல்லிட்டேன், யோசனை என்னோடதுன்னு."

கதவுக்கும் கைப்பேசிக்கும் அள்ளி அள்ளி விட்டவருக்கு, சொல்ல வேண்டிய இடத்தில் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். இப்படி ஒரு மனுஷி பக்கத்து மேசையில் இருக்க நாம் என்ன கொடுத்து வைத்திருந்தோம் என்று நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கழிவறைப் பக்கம் போனார்.

அங்கே துணை இயக்குநர் கை கழுவிக்கொண்டிருந்தார். "பாவம் அந்த அம்மா. ரிட்டயர் ஆகிற நேரத்துல விசாரணைன்னு வந்தா பென்ஷனை நிறுத்தி வெச்சிடுவாங்க. எத்தனை வருஷம் ஆகுமோ" என்று கண்ணாடியில் தலையைச் சீவியபடி சொல்லிவிட்டுப் போனார்.

சராசரி வெளியே வந்து மனைவியைக் கூப்பிட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

"என்னங்க, அந்த அக்காவை மாட்டிவிட்டுட்டு வீட்டுக்கு வர்றதா உத்தேசமா?"

"இல்லை. ஆனா பாப்பாவோட கணக்கு..."

"ஃபோன்ல சொல்லிக்கொடுங்க. கிடங்குல ஃபோன் எடுக்கும்ல? அவளே சொல்லுவா, நீங்க நேர்ல சொல்லிக்கொடுத்தா நடுவுல நடுவுல தூங்கிடுறீங்கன்னு. போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க. வர்றப்ப தக்காளி வாங்கிட்டு வாங்க."

"நன்றி" என்றார் சராசரி. இந்த முறை பழக்கத்தில் வரவில்லை.

மூன்று மணிக்கு மந்திரியின் கார் வளாகத்துக்குள் நுழைந்தது. ஏழு பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேண்ட்டும் போட்ட ஒருவர் தானே வண்டியை ஓட்டி வந்து, தானே நிறுத்திவிட்டு இறங்கினார்.

"மந்திரியோட பி.ஏ. போல இருக்கு. தனியாளா வர்றாரே" என்றார் துணை இயக்குநர்.

"டிரைவரைக்கூட வேணாம்னு விட்டுட்டு வந்திருக்கார். அப்படின்னா விஷயம் எவ்வளவு ரகசியமா இருக்கணும் பாருங்க" என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி.

வந்தவர் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இயக்குநர் தன் நாற்காலியையே காட்டினார். அவர் உட்காரவில்லை. கதவோரமே நின்று, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. கோபம்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

"எல்லாப் பிள்ளைங்களையும் பரீட்சை எழுத வைக்கணும்னு சொன்னது யாருங்க?"

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார். அதற்குள் சராசரி அவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். வாழ்க்கையில் அவர் யாரையும் முந்திக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

"நான்தாங்க. இந்த அக்காவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. இவங்க யாருக்குமே சம்பந்தம் இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டாங்க."

"இவர் ஒருத்தர்தாங்க" என்று துணை இயக்குநர் உறுதி செய்தார். அவர் அதற்கு முன் எதையும் அவ்வளவு விரைவில் உறுதி செய்ததில்லை.

சராசரிக்கு ஆரம்பித்ததை முடிக்காமல் விட மனமில்லை. "என்னை எங்க வேணா மாத்துங்க, போறேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன். அடுத்த வருஷமும் எல்லாரையும் எழுத விடுங்க. இருபது பிள்ளைங்க கூட வந்திருக்காங்க. தன்னால முடியும்னே தெரியாத பிள்ளைங்க. சராசரி விழுந்தா அப்புறம் தூக்கிக்கலாம். அந்தப் பிள்ளைங்களை விட்டுட்டா திரும்பப் பிடிக்க முடியாது. இவ்வளவுதாங்க. கேட்டதுக்கு நன்றி."

வந்தவர் இரண்டு எட்டில் வந்து, சராசரியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இருந்தது கோபமா என்று சராசரிக்குப் புரியவில்லை.

இயக்குநர் தைரியத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு, "மந்திரி என்ன உத்தரவு போட்டிருக்கார்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டார்.

வந்தவர் பிடித்த கையை விடாமலேயே திரும்பினார்.

"மந்திரி ஊர்லயே இல்லைங்கம்மா, அவருக்கு இது எதுவும் தெரியாது, நான் அவரோட டிரைவர், அந்தக் கூட வந்த பிள்ளைங்கள்ல என் பொண்ணும் ஒருத்தி, கையைப் பிடிச்சு ஒரு நன்றி சொல்லணும்னுதான் காலையிலேர்ந்து ஃபோன் போட்டுக்கிட்டே இருந்தேன்."