ஏணியில் யார் யாரைப் பிடித்தார் என்பது பற்றி

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களின் பார்வைக்கு,

இருபத்தாறு ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழைப் பின்பக்கத்தில் தொடங்கி முன்பக்கத்தில் முடிக்கிற வழக்கமுள்ள ஒரு பிளம்பர் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் இல்லத்தாரும், அச்சு இயந்திரங்களும் நலமென்று நம்புகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை வரை நானும் நலமாகத்தான் இருந்தேன். அன்று தங்கள் மூன்றாம் பக்கத்தில் ஒரு படம் வந்தது. ஏணியில் இருவர். மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்திருக்கிறார். கீழே இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறார். அடியில், "உயரத்தில் கால் தவறிய முதியவரை நொடியில் காத்த எலக்ட்ரீஷியன்" என்று எழுதியிருந்தீர்கள். ஐயா, அந்த முதியவர் நான். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்த எலக்ட்ரீஷியன் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அன்று காத்தது நான்; காக்கப்பட்டது அவன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டுப் பூனை ஒன்று, இரண்டாம் மாடி சன்ஷேடில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது. அன்று விருந்துக்கு வந்திருந்த என் சகலை எலக்ட்ரீஷியன்தான், ஆனால் தரையில் நின்று செய்கிற வேலையை மட்டும் செய்கிற எலக்ட்ரீஷியன். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, மிஞ்சிப் போனால் சுவரில் சுவிட்ச். உயரம் என்றால் அவனுக்கு ஆகாது. ஸ்டூலில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வான். இது தெரிந்தும் என் மனைவி சும்மா இருக்காமல், "ஏன் தம்பி, கரண்டுக்குப் பயப்படாத ஆளு, ஒரு பூனைக்கா பயப்படுறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். ரோஷம் வந்து ஏறிவிட்டான். அவன் உச்சிக்குப் போனதும் பூனை அவன் தோளில் கால் வைத்து, ஏணி வழியாகவே தானாக இறங்கிச் சென்றுவிட்டது. அது எங்கே போகிறதென்று பார்க்க இவன் குனிந்தான். அவ்வளவுதான், ஏணியைக் கட்டிப் பிடித்தவன் அசையவில்லை. "அண்ணே, நான் இங்கேயே இருந்துக்கிறேன்"னு ஒரு சத்தம் மட்டும் வந்தது.

முப்பது வருஷமாக மொட்டைமாடித் தொட்டிகளில் ஏறி இறங்கிய கால் ஐயா இது, பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். விறுவிறுவென்று ஏறினேன். அவன் காலைக் கையில் பிடித்து ஒரு படி கீழே வைத்தேன். அப்புறம் அடுத்த கால். "கீழ பாக்காதே, என் குரலை மட்டும் கேளு"ன்னு சொல்லிக்கொண்டே, குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடுவது போல, ஒவ்வொரு படியாக இறக்கினேன். தரைக்கு மூன்று படி இருக்கும்போது என் ஈர ரப்பர் செருப்பு வழுக்கியது. அவன் பயத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தான், கிடைத்தது என் காலர். பிடிக்காமல் விட்டிருந்தால் நான் மூன்றடி கீழே புல்லில் நின்றிருப்பேன். பிடித்ததால்தான் தொங்கினேன்! பக்கத்துக் கட்டடத்தைப் படமெடுக்க வந்திருந்த தங்கள் படக்காரர் அந்த நேரம் பார்த்து அமுக்கிவிட்டார். தாங்களோ படத்தின் அடியிலிருந்த தரையை வெட்டிவிட்டீர்கள். தரை போனதும் மூன்றடி முப்பதடி ஆகிவிட்டது.

சரி, படம்தானே, நாளைக்கு மறந்துவிடுவார்கள் என்று இருந்தேன். யார் மறந்தார்கள்? தெருமுக்குக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போடுகிறார். தெரு தாண்டப் போனால் முன்பின் தெரியாத அம்மா ஒருவர் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறார். நான் அந்தப் பக்கம் போகவே நினைக்கவில்லை. நான் உண்மையைச் சொன்னால், "காப்பாத்தினவனைப் பத்தி இப்படிப் பேசலாமா, நன்றி வேண்டாமா?" என்கிறார்கள். சகலை நல்லவன், அவனும் போகிற இடமெல்லாம், "அண்ணன்தாங்க என்னை இறக்கினாரு, எனக்குக் காலே வரலை" என்று உள்ளதைச் சொல்கிறான். அதற்கு, "எவ்வளவு தன்னடக்கம் பாரேன்!" என்று அவனைத் தட்டிக்கொடுக்கிறார்கள். ஒரே உண்மையை இரண்டு பேர் சொல்கிறோம். அவனுக்கு மாலை, எனக்கு வசை.

இதைவிடக் கொடுமை என் வீட்டுக்குள் நடக்கிறது. என் மனைவி அன்று ஏணிக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தவள். நேற்று என் ஸ்பானர் பையைப் பரண்மேல் ஒளித்துவைத்துவிட்டு, "இனிமே ஏறாதீங்க, அன்னைக்கு தம்பி மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?" என்கிறாள். "நீதான் நேர்ல பாத்தியேடி!" என்றேன். "நேர்ல பாத்தப்போ பதட்டத்துல பாத்தேன். படத்துல நிதானமா பாத்தேன்" என்றாள். ஐயா, கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சொன்னது சரி. அதற்காகப் படத்தில் காண்பது மெய் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லையே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு வாரம் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, முந்தாநாள் மாடிப்படி இறங்கும்போது நானே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியாக எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருடமாக இங்கே உள்ள ஆறு தண்ணீர்த் தொட்டிகளையும் கழுவுவது நான். "ஐயா, படத்தைப் பாத்ததிலேருந்து எல்லாரும் பயப்படுறாங்க. உங்களை மேல ஏத்தினா எங்க மேலதான் பழி வரும். வேற ஆளு பாத்துக்கிறோம்" என்றார். என் வேலை போகிறது ஐயா. வேலையோடு என் பேரும் போகிறது. நேராகத் தங்கள் அலுவலகத்துக்கே வந்து படக்காரரைப் பார்த்தேன். பதினொரு படம் எடுத்திருக்கிறார். பத்தில் நான் அவன் காலைத் தாங்குகிறேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு ஏணிக்கு முத்தம் கொடுக்கிறான். "பத்து இருக்க இதை ஏன் போட்டீங்க?" என்றேன். "அதுலதாங்க ரெண்டு பேர் மூஞ்சியும் நல்லா விழுந்திருந்தது" என்கிறார். ஆகவே அந்தப் பத்துப் படங்களையும், தரையோடு சேர்த்து, அதே மூன்றாம் பக்கத்தில், என் பெயருக்கு நேர்ந்த களங்கம் நீங்குமாறு வெளியிட வேண்டுகிறேன். தவறினால் நாளிதழை நிறுத்திவிடுவேன். தங்கள் பேனாவும் தங்கள் குடும்பமும் குறைவின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
காப்பாற்றியவர்

பின்குறிப்பு: ஐயா, உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். அந்தப் பத்துப் படங்களைத் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். போடாமலிருந்தால் மட்டும் போதாது, அழித்துவிடுங்கள். இன்று மதியம் சகலை வந்தான், முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, செயலாளர் கூப்பிட்டாரு. மேல் தொட்டியில, தண்ணி ரொம்பினா மோட்டாரை நிறுத்துற ஃப்ளோட் சுவிட்ச் போயிடுச்சாம். முடியாதுன்னேன். 'உங்களுக்கென்னங்க பயம், அதான் படத்துல பாத்தோமே'ங்கிறாரு. கூட வர்றீங்களா?" என்றான். போனேன். தொட்டிக்கு ஏறுகிற இரும்பு ஏணியில் எட்டாவது படியில் நின்றுவிட்டான். அன்று போலவே அவன் குதிகாலைப் பிடிக்கக் கை நீட்டினேன். "வேண்டாம் அண்ணே, கையை எடுங்க" என்றான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, தானாக ஒரு படி வைத்தான், அப்புறம் இன்னொன்று. உச்சியில் போய் நின்று, "அண்ணே! இங்கேருந்து உங்க வீடு தெரியுதுண்ணே!" என்று கத்தினான். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஐயா, தாங்கள் பொய்ப் படம் போட்டீர்கள். இந்தப் பயல் அதை உண்மையாக்கிவிட்டான்! செயலாளரும், "இவர் கூட நிக்கிறதா இருந்தா நீங்களே தொட்டி கழுவுங்கய்யா" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது போதும். அவன் மேலே நின்று வேலை செய்த அரைமணி நேரமும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற எனக்குத்தான் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. நல்லவேளை, தங்கள் படக்காரர் அந்தப் பக்கம் வரவில்லை.